புரோகிரெசிவ் ராக்: பட்டியல்கள் மறந்த கிட்டார் கலைஞர்கள்

ராக் இசையின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள் என்று இசை இதழ்கள் அவ்வப்போது வெளியிடும் பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. உச்சியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இருப்பார். அவரை ஒட்டி எரிக் கிளாப்டன், ஜிமி பேஜ், ஜெஃப் பெக் வருவார்கள். வரிசை முன்பின்னாக மாறுமே தவிர ஆட்கள் மாறுவதில்லை. இந்தப் பட்டியல்களில் புரோகிரெசிவ் ராக்குக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர், கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப், யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹௌ ஆகிய மூவரோடு பெரும்பாலும் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969இல் வெளிவந்தது. அதிலிருந்து எழுபதுகளின் இறுதிவரை இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் கனடாவிலும் இந்த இசை செழித்தது. நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் வந்தன. அவ்வளவிலும் கிட்டார் வாசித்தவர்களில் மூவர்தான் தேறினார்கள் என்பதை அந்த ஆல்பங்களைக் கேட்ட யாரும் ஒப்ப மாட்டார்கள். கவனத்துக்கு வராமல் போனவர்கள் யார், ஏன் போனார்கள், அவர்களில் இன்றும் அநீதிக்கு உள்ளாகியிருப்பவர்கள் யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராக் கிட்டாரை மதிப்பிட நாம் வைத்திருக்கும் அளவுகோல் தனி ஆளின் சோலோவை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. முழுப் படைப்புக்காக வாசித்தவர்களின் உயரம் அந்த அளவுகோலில் பதிவாவதே இல்லை.

கிட்டாருக்கு இடம் சுருங்கிய இசை

ராக் இசை ப்ளூஸிலிருந்து பிறந்தது. ப்ளூஸில் பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தும் இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். அந்தப் பதில் நீண்டு வளர்ந்ததுதான் ராக் சோலோ. அறுபதுகளின் இறுதியில் கிட்டார் கலைஞர் மேடையின் நாயகராகிவிட்டார். பாடலிலிருந்து சோலோவை மட்டும் தனியே பிரித்து எடுத்து ரசிக்கலாம், ஒப்பிடலாம், மதிப்பெண்கூடப் போடலாம் என்ற நிலை வந்தது.

புரோகிரெசிவ் ராக் இந்த ஏற்பாட்டைக் கலைத்துப் போட்டது. ஐரோப்பியச் செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை மூன்றிலிருந்தும் கட்டுமானங்களை எடுத்துக்கொண்டு இருபது நிமிடத் தொகுப்புகளை எழுதியது. அத்தகைய கட்டுமானத்தின் தூணாக அமைந்தது கீபோர்ட். ஹாமண்ட் ஆர்கன், மெல்லோட்ரான், மூக் சிந்தசைசர் ஆகியவை வந்த பிறகு ஒரே ஆள் ஒரு சிறு ஆர்கெஸ்ட்ராவின் வேலையைச் செய்ய முடிந்தது. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு கிட்டாரை ஓரத்துக்கே தள்ளிவிட்டுப் பெரும் வெற்றி கண்டது. மற்ற குழுக்களில் கிட்டார் கலைஞர்கள் புதிய வேலைகளைக் கற்றுக்கொண்டார்கள். கீபோர்டோடு கலந்து ஒரே நிறமாக ஒலிப்பது, புல்லாங்குழலுக்கு எதிர்மெட்டு வாசிப்பது, பன்னிரண்டு தந்தி கிட்டாரில் விரிப்பு போடுவது, தேவைப்பட்டால் எட்டு நிமிடம் பின்னால் நின்றுவிட்டு ஒன்பதாவது நிமிடத்தில் முன்னே வருவது எல்லாம் அந்த வேலைகளில் அடக்கம்.

கர்நாடக இசைக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரின் சங்கதியை உள்வாங்கித் திருப்பித் தரும் நுட்பத்தை மதிக்கத் தெரிந்த நமக்கு இந்த வகைத் திறமை புதிதல்ல. ராக் விமர்சனத்தில் அதற்கென்று ஒரு மதிப்பீட்டு முறை வளரவில்லை. போதாக்குறைக்கு 1976, 77 ஆண்டுகளில் பங்க் ராக் எழுந்தபோது பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் புரோகிரெசிவ் ராக் முழுவதையும் ஆடம்பரம் என்று ஒதுக்கின. குழுக்களின் பெயர்களாவது தப்பிப் பிழைத்தன. குழுவுக்குள் அடங்கி வாசித்தவர்களின் பெயர்கள் அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டன.

கீபோர்டோடு கலந்தவர்: ஸ்டீவ் ஹாக்கெட்

1950இல் லண்டனில் பிறந்த ஸ்டீவ் ஹாக்கெட், 1970இன் கடைசியில் ‘மெலடி மேக்கர்’ இதழில் விளம்பரம் கொடுத்தார். தேங்கிப்போன இசை வடிவங்களைத் தாண்டிப் போக விரும்பும் கலைஞர்கள் தேவை என்பது அதன் சாரம். அதைப் பார்த்துத் தொடர்புகொண்டவர் ஜெனிசிஸ் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஹாக்கெட் குழுவில் சேர்ந்துவிட்டார்.

மேடையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்த தலையோடு வாசிப்பார். கேப்ரியலோ நரித்தலை மாட்டிக்கொண்டு, சிவப்பு கவுன் அணிந்து கூட்டத்தை மயக்கிக்கொண்டிருப்பார். யார் கண்ணில் பட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1971இல் வந்த ‘நர்சரி கிரைம்’ ஆல்பத்தில் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயன்ட் ஹாக்வீட்’ பாடலைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஓடும் வேகமான சுழற்சியை ஹாக்கெட் வலதுகை விரலாலும் ஃபிரெட்டின் மேல் தட்டி எழுப்புகிறார். டேப்பிங் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த உத்தி இதுதான். ஹாக்கெட்டுக்கு முன்பும் சிலர் இதைச் செய்ததுண்டு. ஆனால் எடி வான் ஹேலன் 1978இல் இதைக் கொண்டு உலகையே திரும்பிப் பார்க்க வைப்பதற்கு ஆறாண்டுகளுக்கும் முன்பே, ஒரு ராக் ஆல்பத்தில் இது இசையமைப்பின் உறுப்பாக உட்கார்ந்திருந்தது. வான் ஹேலனின் டேப்பிங் கேட்டவுடன் கிட்டார் என்று தெரியும். ஹாக்கெட்டுடையது கீபோர்டோடு பின்னிக்கொண்டதால் பலர் அதைக் கீபோர்ட் என்றே நினைத்தார்கள்.

1973இன் ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ ஆல்பத்திலுள்ள ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ இந்த வாதத்துக்கு மிகச் சரியான சான்று. அந்தப் பாடலின் நடுவே வரும் மெட்டை எழுதியவர் கீபோர்ட் கலைஞர் டோனி பேங்க்ஸ். அது முதலில் கேப்ரியலின் புல்லாங்குழலில், பியானோ துணையோடு, மெல்லிய சோகமாக வருகிறது. பிறகு பாடலின் தொடக்கப் பியானோப் பகுதி சிந்தசைசர் வடிவில் திரும்புகிறது. ஆறாவது நிமிடத்தை நெருங்கும் வேளையில் அதே புல்லாங்குழல் மெட்டை ஹாக்கெட் கிட்டாரில் எடுக்கிறார். புதிய சுரம் எதையும் அவசரப்பட்டுச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் ஃபஸ் கருவியின் துணையால் வற்றாமல் நீட்டி, அது தேய்வதற்குள் அடுத்ததற்கு நகர்கிறார். அடியில் மெல்லோட்ரான் கோரஸ் போல எழுகிறது. சில நிமிடங்களுக்கு முன் ஒருவரின் தனிமையாகக் கேட்ட மெட்டு இப்போது பெருவெளியாகிவிடுகிறது. இந்தச் சோலோவை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் அழகான மெதுவான வாசிப்பு என்று தோன்றும். புல்லாங்குழலைக் கேட்டுவிட்டு வருபவருக்குத்தான் அதன் முழு வலிமையும் தெரியும். பிரித்தெடுக்க முடியாததுதான் இதன் சிறப்பு. பட்டியல்காரர்களிடம் இது தோற்பதற்கும் காரணம் அதுவே.

1972இன் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தில் இருபது நிமிடத்தைத் தாண்டும் ‘சப்பர்ஸ் ரெடி’க்கு முன்னால், பாக்கின் செல்லோ இசையிலிருந்து உந்துதல் பெற்று அவர் எழுதிய ‘ஹொரைசன்ஸ்’ என்ற துண்டு இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட இல்லாத தனிக் கிட்டார் வாசிப்பு. பிரம்மாண்டத்துக்கு முன் சிறியது ஒன்றை வைக்கத் தெரிந்தவர் அவர். தன் இசைக்குப் போதிய இடம் இல்லை என்று 1977இல் குழுவைவிட்டு வெளியேறினார். குழு மூவராகச் சுருங்கி உலகப் புகழ் பெற்றது. பழைய காலம் பலருக்கு மறந்தே போனது.

புல்லாங்குழலுக்குப் பின்னால்: மார்ட்டின் பார்

ஜெத்ரோ டல் என்றதும் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதும் இயன் ஆண்டர்சனின் உருவம் வரும். அவருக்கு அருகில் 1968 டிசம்பர் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கிட்டார் வாசித்த மார்ட்டின் பார் பெரும்பாலோருக்கு முகமில்லாதவர்.

‘அக்வாலங்’ பாடலின் தொடக்க ரிஃப்பை ராக் கேட்கும் எவரும் அறிவார்கள். பாரின் பங்கு அதன் நடுவே வரும் சோலோவில் உச்சம் தொடுகிறது. லண்டன் பேசிங் தெருவிலிருந்த ஐலண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதே கட்டடத்தில் பதிவில் இருந்த லெட் செப்பலின் குழுவின் ஜிமி பேஜ் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து கையசைத்ததைப் பார் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பதிலுக்குக் கையை எடுத்தால் வாசிப்பு கெட்டுவிடும். அன்றைய வழக்கப்படி ஓரிரு முறைக்குள் சோலோ சரியாக அமையாவிட்டால் அந்த இடம் புல்லாங்குழலுக்குப் போய்விடும் என்பதும் அவர் சொன்னதுதான். அவருடைய நிலையை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. குழுவில் கிட்டாருக்கான இடம் ஒவ்வொரு முறையும் வென்றெடுக்க வேண்டிய இடமாக இருந்தது.

அந்தச் சோலோவில் வீண் சுரம் கிடையாது. தொடக்கம், ஏற்றம், வீழ்ச்சி என்று ஒரு சிறுகதையின் அமைப்பு இருக்கிறது. 1972இன் ‘திக் அஸ் எ பிரிக்’ ஆல்பம் இசைத்தட்டின் இரு பக்கத்தையும் நிறைக்கும் ஒரே படைப்பு. அதில் ஆர்கனும் புல்லாங்குழலும் மாறி மாறிப் பேசும்போது பாரின் கிட்டார் ஓரிடத்தில் ஆங்கிலேய நாட்டுப்புற நடனமாகவும் இன்னோரிடத்தில் கனத்த ராக்காகவும் உருமாறுகிறது. 1989இல் ஜெத்ரோ டல்லுக்கு ஹார்ட் ராக், மெட்டல் பிரிவில் கிராமி விருது கிடைத்தது. மெட்டாலிகாவுக்குத்தான் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். அந்த முடிவு சரியா என்ற விவாதம் இன்றும் ஓடுகிறது. அந்தப் பிரிவில் அவர்களை நிறுத்தும் அளவுக்குக் கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் பாரின் கிட்டார்தான்.

பங்கிட்டு வாசித்தவர்: கேரி கிரீன்

ஜென்டில் ஜயன்ட் குழுவை 1970இல் ஷுல்மன் சகோதரர்கள் மூவர் தொடங்கினார்கள். லண்டன் ராயல் அகாடமியில் பயின்ற கெரி மினியர் கீபோர்ட் வாசித்தார். மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியப் பாடல்களின் பல்குரல் பின்னலை ராக்கில் கொண்டுவந்தது இவர்களின் தனித்தன்மை. ‘ஆக்டபஸ்’ (1972), ‘இன் எ கிளாஸ் ஹவுஸ்’ (1973), ‘ஃப்ரீ ஹேண்ட்’ (1975) ஆகியவை இந்த வகை இசையின் மிகச் சிக்கலான ஆல்பங்கள்.

இந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர் கேரி கிரீன். அவரது அடித்தளம் ப்ளூஸ். செவ்வியல் பயிற்சி பெற்றவர்கள் எழுதிய பகுதிகளுக்குள் ப்ளூஸ்காரரின் விரல்கள் நுழைந்ததுதான் ஜென்டில் ஜயன்ட்டின் இசைக்கு உயிர்ச்சூட்டைக் கொடுத்தது. அவர்கள் அடிக்கடி கையாண்ட ஒரு முறையைச் சொன்னால் அவரது வேலையின் கடினம் புரியும். ஒரு மெட்டின் சுரங்களை ஒரே ஆள் வாசிக்க மாட்டார். முதல் சுரத்தைக் கிட்டார் எடுத்தால் அடுத்ததைக் கீபோர்ட் எடுக்கும், மூன்றாவதைப் பேஸ் எடுக்கும், மீண்டும் கிட்டாருக்கு வரும். கேட்பவர் காதில் மெட்டு அறுபடாமல் ஓட வேண்டும். கிரீனுக்கு அந்த வரியில் கிடைப்பது நான்கைந்து சுரங்கள்தான். அவை நூலிழை பிசகாமல் உரிய கணத்தில், உரிய அழுத்தத்தில் விழ வேண்டும். ஒற்றைப்படை தாளக் கணக்குகளில் இதை மேடையில் நேரடியாகச் செய்தார்கள். நடுவே கிட்டாரை வைத்துவிட்டு ரெக்கார்டர் குழல் ஊதவும் சேர்ந்து பாடவும் செய்தார் கிரீன்.

அவரால் நாயகராக வாசிக்க முடியாது என்று எண்ணுபவர்கள் ‘திரீ ஃபிரெண்ட்ஸ்’ (1972) ஆல்பத்தின் ‘பீல் தி பெயிண்ட்’ பாடலைக் கேட்க வேண்டும். டிரம்ஸ் மட்டும் துணை நிற்க, எதிரொலிக் கருவியின் உதவியோடு தன் சுரங்களைத் தானே துரத்தும் நீண்ட சோலோ அது. கட்டுக்குள் வாசித்த ஆள் கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பதில்.

வேகத்தை மறுத்தவர்: ஆண்டி லாட்டிமர்

இங்கிலாந்தின் கில்ஃபோர்ட் நகரில் 1971இல் உருவான கேமல் குழுவின் மையம் ஆண்டி லாட்டிமர். கிட்டார், புல்லாங்குழல், பாட்டு, இசையமைப்பு என்று நான்கையும் சுமந்தவர். 1974இன் ‘மிராஜ்’ ஆல்பத்தின் ‘லேடி ஃபேன்டசி’யில் அவரால் வேகமாக வாசிக்க முடியும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அவர் வேகத்தை வேண்டாம் என்று வைத்தார்.

பால் கேலிக்கோ எழுதிய ‘தி ஸ்னோ கூஸ்’ என்ற குறுநாவலை வைத்து 1975இல் கேமல் சொற்களே இல்லாத ஒரு முழு ஆல்பத்தை உருவாக்கியது. எசெக்ஸ் சதுப்பு நிலத்தில் தனித்து வாழும் ஓவியர், காயம்பட்ட பறவையைக் கொண்டுவரும் சிறுமி, 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்ட நிகழ்வு ஆகியவை கதையின் கண்ணிகள். ஆசிரியர் தரப்பு ஆட்சேபித்ததால், நாவலின் உந்துதலில் பிறந்த இசை என்று பொருள்படத் தலைப்பை நீட்ட வேண்டியிருந்தது. வார்த்தை இல்லாத கதையில் பாத்திரங்களைக் கருவிகளே தாங்க வேண்டும். ஓவியருக்கான மெட்டை லாட்டிமர் புல்லாங்குழலில் வைக்கிறார். பறவைக்கு வரும்போது கிட்டாரை எடுக்கிறார். நீண்ட சுரங்கள், மெல்ல அசையும் அதிர்வு, சுரங்களுக்கிடையே தாராளமான இடைவெளி. அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு ராயல் ஆல்பர்ட் ஹாலில் இதை அரங்கேற்றினார்கள்.

1979இல் வந்த ‘ஐஸ்’ என்ற பத்து நிமிடக் கருவியிசையை அவரது கிட்டார் வாழ்வின் முகட்டுப் படைப்பாகக் கருதுகிறேன். மெட்டு மீண்டும் மீண்டும் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கிட்டாரின் தொனி சிறிது சிறிதாகக் கூர்மையாகிறது. கில்மோரைப் போற்றும் ரசிகர்கள் லாட்டிமரை அறியாமல் இருப்பதற்கு இசை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. பிங்க் ஃபிளாய்டைப் போல விற்ற ஆல்பம் கேமலுக்கு அமையவில்லை என்பதே காரணம். கடுமையான இரத்த நோய்க்காக 2007இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்று, பல ஆண்டு ஓய்வுக்குப் பின் 2013இல் அவர் மேடைக்குத் திரும்பியபோது எடுத்துக்கொண்டதும் ‘தி ஸ்னோ கூஸ்’தான்.

லண்டனுக்கு வெளியே

நெதர்லாந்தின் ஃபோக்கஸ் குழுவின் யான் ஆக்கர்மன் கதை விசித்திரமானது. அவர் ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்தவர். 1973இல் ‘மெலடி மேக்கர்’ வாசகர்கள் அவரை உலகின் சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள். ‘ஹோக்கஸ் போக்கஸ்’ அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. அந்தப் பாடலின் வெற்றியே அவருக்கு வினையானது. சக உறுப்பினர் தைஸ் ஃபான் லேயரின் யோடல் பாட்டும் வேடிக்கை ஒலிகளும் நிறைந்த பாடல் என்பதால் குழுவை ஒரு வினோதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பத்தின் மறுபக்கத்தில் 23 நிமிடம் ஓடும் ‘இரப்ஷன்’ தொகுப்பில் ஜாஸின் நெகிழ்வும் செவ்வியலின் ஒழுங்கும் கூடிய ஆக்கர்மனின் வாசிப்பு காத்துக்கிடந்தது. செவ்வியல் கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீமின் வாசிப்பால் ஈர்க்கப்பட்டு லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தையும் கற்றுத் தன் ஆல்பங்களில் சேர்த்தார். 1976இல் குழுவைவிட்டு விலகினார். ஆங்கிலப் பத்திரிகைகளின் பார்வை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

மிலானைச் சேர்ந்த பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி குழுவின் பிராங்கோ முஸ்ஸீதாவுக்கு மொழி தடையாக இருந்தது. 1972இல் வந்த ‘ஸ்தோரியா தி உன் மினூத்தோ’ இத்தாலியில் ஒரு திருப்புமுனை. அடுத்த ஆண்டு கிங் கிரிம்சனின் பாடலாசிரியராக இருந்த பீட் சின்ஃபீல்டின் ஆங்கில வரிகளோடு இவர்களின் இசை உலகச் சந்தைக்குப் போனது. முஸ்ஸீதாவின் நுட்பம் மின்கிட்டாரிலும் நைலான் தந்திக் கிட்டாரிலும் சமமாக வெளிப்பட்டது. பாடகர் ஃபப்ரீசியோ தெ ஆந்த்ரேயுடன் எழுபதுகளின் இறுதியில் இக்குழு சேர்ந்து நடத்திய கச்சேரிகளின் பதிவுகளைக் கேட்டால், பாடல் வரிகளுக்கு வழிவிட்டு வாசிப்பதன் இலக்கணம் விளங்கும். 1984இல் மிலானில் இசைப் பள்ளி ஒன்றை நிறுவி, ஒரு தலைமுறைக்கே ஆசிரியரானார். இத்தாலியில் அவர் பெரும் பெயர். ஆங்கிலத்தில் எழுதப்படும் வரலாறுகளில் அவருக்கு ஓரிரு வரிதான்.

பாதியில் போனவர்கள்

யெஸ் என்ற பெயரைக் குழுவுக்கு முன்மொழிந்தவர் அதன் முதல் கிட்டார் கலைஞர் பீட்டர் பேங்க்ஸ். 1969இன் முதல் ஆல்பத்தில், பேர்ட்ஸ் குழுவின் ‘ஐ சீ யூ’ பாடலை எடுத்து, நடுவே டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டோடு ஜாஸ் நடையில் உரையாடுகிறார். யெஸ் பின்னாளில் எட்டிய துணிச்சலின் முதல் அடி அதில் இருக்கிறது. அடுத்த ஆல்பமான ‘டைம் அண்ட் எ வேர்ட்’டில் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்தார்கள். அவரது கிட்டார் அதில் அமுங்கியது. 1970இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஆல்பம் அமெரிக்காவில் வெளியானபோது உறையில் அச்சான படத்தில் இருந்தது அவருக்குப் பின் வந்த ஸ்டீவ் ஹௌ. வாசித்தது ஒருவர், முகம் இன்னொருவருடையது. 2013இல் பேங்க்ஸ் இறந்தார். 2017இல் யெஸ் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது கௌரவிக்கப்பட்ட உறுப்பினர்களில் அவர் பெயர் இல்லை.

ஜெனிசிஸில் ஹாக்கெட்டுக்கு முன்பிருந்த ஆன்டனி பிலிப்ஸுக்கும் இதே கதிதான். மேடை அச்சமும் உடல்நலக் குறைவும் சேர்ந்து 1970இல் அவரை விலக வைத்தன. பன்னிரண்டு தந்திக் கிட்டார்கள் ஒன்றோடொன்று பின்னும் அந்த ஒலி ஜெனிசிஸின் அடையாளமாக மாற வழிவகுத்தவர்களில் அவர் முதன்மையானவர். 2010இல் குழு அதே ஹால் ஆஃப் ஃபேமில் கௌரவிக்கப்பட்டபோது அவரும் சேர்க்கப்படவில்லை.

கலைஞர்களின் கலைஞர்

பிராட்ஃபோர்டில் 1946இல் பிறந்த ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் சிறுவயதில் விரும்பியது சாக்ஸபோனை. ஜான் கோல்ட்ரேனின் மூச்சு நீளும் வாசிப்பு அவரை ஆட்கொண்டிருந்தது. கையில் கிடைத்ததோ கிட்டார். கிட்டாரில் ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் மீட்டும்போது ‘டக்’ என்ற ஓசை முன்னால் வரும். ஊதும் வாத்தியத்தில் அது இல்லை. ஹோல்ட்ஸ்வொர்த் அந்த ஓசையை முடிந்தவரை ஒழித்தார். ஒரு தந்தியில் முதல் சுரத்தை மட்டும் மீட்டிவிட்டு, மற்றவற்றை இடதுகை விரல்களை மேலிருந்து ஃபிரெட்டில் தட்டியே எழுப்பினார். தந்தியைச் சுண்டி இழுத்து இறங்கும் வழக்கமான முறையையும் அது தரும் இழுபட்ட ஒலிக்காகத் தவிர்த்தார். விரல்களை அகல விரித்து, சாதாரணக் கைக்கு எட்டாத சுரச் சேர்க்கைகளைப் பிடித்தார்.

சாஃப்ட் மெஷீனின் ‘பண்டில்ஸ்’ (1975), காங் குழுவின் ‘கஸூஸ்’ (1976), யூகே குழுவின் முதல் ஆல்பம் (1978), பில் புரூஃபோர்டின் ‘ஒன் ஆஃப் எ கைண்ட்’ (1979) ஆகிய நான்கும் அவரது தடங்கள். யூகே ஆல்பத்தின் ‘இன் தி டெட் ஆஃப் நைட்’ சோலோவைக் கேட்டவர்கள் அதைக் கிட்டார் என்று நம்பச் சற்று நேரம் எடுத்துக்கொள்வார்கள். எந்தக் குழுவிலும் அவர் நீடிக்கவில்லை. பதிவான சோலோவையே மேடைதோறும் திரும்ப வாசிப்பது அவர் இயல்புக்கு ஒவ்வாதது. எடி வான் ஹேலன் அவரைக் கொண்டாடி, பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தம் கிடைக்க உதவினார். 1983இல் ‘ரோட் கேம்ஸ்’ வந்தது. அதற்குமேல் அந்த உறவு வளரவில்லை. 2017 ஏப்ரலில் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்கான பணத்தை ரசிகர்கள் திரட்ட வேண்டியிருந்தது. கிட்டார் வாசிப்பவர்கள் வழிபட்ட ஒருவருக்கு வெறுமனே கேட்பவர்கள் மத்தியில் பெயர் இல்லாமல் போனதன் விலை அது.

அதே ஆண்டு மறைந்த பில் மில்லருக்கு அந்த வழிபாடுகூடக் கிட்டவில்லை. ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த், நேஷனல் ஹெல்த் ஆகிய, கேன்டர்பரி பாணி எனப்படும் ஜாஸ் கலந்த ராக் வகைக் குழுக்களில் வாசித்தவர். பளபளப்பு இல்லாத, சற்றே கரகரத்த தொனி. எதிர்பார்த்த இடத்தில் முடியாத வாக்கியங்கள். ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த்தின் 1974ஆம் ஆண்டு ஆல்பத்தில் உள்ள அவருடைய ‘கேலிக்ஸ்’, சுர நகர்வில் எவ்வளவு தூரம் தனியே சிந்தித்தவர் என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

கனடாவின் ரஷ் குழுவின் அலெக்ஸ் லைஃப்சன் வேறு வகை. பேஸும் கீபோர்டும் பாட்டும் சேர்ந்த கெடி லீ ஒருபுறம், டிரம்ஸில் உலகமே வியந்த நீல் பியர்ட் மறுபுறம். நடுவே இருந்த லைஃப்சன் திறந்த தந்திகளை ஒலிக்கவிட்டுப் பிடிக்கும் அகன்ற கார்டுகளால் மூவர் குழுவை ஐவர் போல ஒலிக்க வைத்தார். 1978இன் ‘லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ’ அவரது கெட்ட கனவுகளிலிருந்து பிறந்த கருவியிசை. மெல்லத் தொடங்கி முறுக்கேறும் அதன் சோலோ ஒன்று போதும், அவர் யாருக்கும் மூன்றாமவர் அல்லர் என்று காட்ட.

எதிர்வாதங்களும் தீர்ப்பும்

இவர்களில் பலரை இன்று மதிக்கத்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். ஓரளவு உண்மை. ஹாக்கெட் பழைய ஜெனிசிஸ் இசையோடு உலகம் சுற்றி அரங்குகளை நிறைக்கிறார். லைஃப்சன் 2013இல் ரஷ்ஷோடு ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். இவ்விருவரையும் இனிப் புறக்கணிக்கப்பட்டவர்கள் என்று சொல்வது பழக்கத்தால் சொல்வது. ஹோல்ட்ஸ்வொர்த்துக்குக் கலைஞர்கள் மத்தியில் நிரந்தரமான இடம் உண்டு. லாட்டிமரும் பாரும் ஆக்கர்மனும் முஸ்ஸீதாவும் அவரவர் வட்டத்தில் கொண்டாடப்படுகிறார்கள், வட்டத்துக்கு வெளியே தெரிவதில்லை. கேரி கிரீனுக்கும் பில் மில்லருக்கும் பீட்டர் பேங்க்ஸுக்கும்தான் உண்மையில் நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. ஒரு கலைஞரின் பெருமை கேட்பவரைத் தனியே ஈர்ப்பதில் இல்லையா, குழுவுக்குள் கரைந்தவரைக் குழுவோடு சேர்த்துப் புகழ்ந்தால் போதாதா என்பது அது. போதாது. ஜென்டில் ஜயன்ட்டின் பின்னலில் கிரீனின் நான்கு சுரங்களை இன்னொருவர் வாசித்தால் அந்தப் ப்ளூஸ் சூடு போய்விடும். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ மெட்டைக் கிட்டாருக்குப் பதில் சிந்தசைசரில் எடுத்திருந்தால் அது நல்ல பாடலாக இருந்திருக்கும், காலத்தைக் கடந்திருக்காது. கரைந்தவருக்கும் தனிக் கையெழுத்து உண்டு. அதை வாசிக்கப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்கு இப்போது துணையும் கிடைத்திருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் போன்றோர் ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயன்ட் முதலிய குழுக்களின் மூல நாடாக்களிலிருந்து ஆல்பங்களை மறுகலவை செய்திருக்கிறார்கள். முன்பு கீபோர்டுக்கு அடியில் புதைந்திருந்த கிட்டார் வரிகள் இப்போது தனித்துக் கேட்கின்றன. ஒரு படைப்பை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, இரண்டாம் முறை கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். அது எங்கே பேசுகிறது, எங்கே வாய்மூடுகிறது, யாருக்கு வழிவிடுகிறது என்று கவனியுங்கள். சோலோவைத் தேடுவதைவிட இது பலமடங்கு நிறைவு தரும். அப்படிக் கேட்கும் பழக்கம் பரவினால் பட்டியல்கள் தாமாகத் திருந்தும். அதுவரை, ‘ஆக்டபஸ்’ஸையும் ‘ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த்’தையும் கணக்கில் கொள்ளாமல் எழுபதுகளின் கிட்டார் வரலாற்றை யார் எழுதினாலும் அது பாதி வரலாறுதான்.